ஸீஸீ செடி கைமீறி வளர்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் செடி வளர்ப்பவர்களிடம், பளபளக்கும் இலைகளுக்காக வீட்டுக்குள் வைக்கும் ஸீஸீ (ZZ) செடியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு புகார்களே வரும். வாங்கி வைத்து இரண்டு ஆண்டாகியும் வைத்தது வைத்தபடியே நிற்கிறது என்பார் ஒருவர். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே குடைபோல விரிந்து நடக்க வழி விடாமல் மறிக்கிறது என்பார் இன்னொருவர். பின்னவர் உடனே செய்வது கத்தரிக்கோலை எடுத்து நுனிகளை வெட்டுவதுதான். செம்பருத்தியையும் மல்லிகையையும் வெட்டி வெட்டிப் புதராக்கிப் பழகிய கைக்கு அது இயல்பாக வந்துவிடுகிறது. இந்தச் செடியிடம் அந்த வித்தை பலிக்காது. ஏன் பலிக்காது என்பது விளங்கிவிட்டால், கீழே வரும் தீர்வுகளில் பாதியைச் சொல்லவே வேண்டியிருக்காது.

நாம் தண்டு என்று சொல்வது தண்டே அன்று. அது அடி முதல் நுனி வரை ஒரே இலை. தடித்த காம்பின் இருபுறமும் வரிசையாகப் பளபளத்துக்கொண்டு நிற்பவை அந்த ஓர் இலையின் சிற்றிலைகள். மெய்யான தண்டு, உருளைக்கிழங்கைப் போலப் பருத்து, மண்ணுக்குள் கிடக்கிறது. விரிந்து முடிந்த இலைக்கு மேலும் நீளும் வழியும் இல்லை, பக்கக் கிளை விடும் கணுவும் இல்லை. எனவே நுனியை வெட்டினால் மொட்டையான ஓர் இலைதான் மிஞ்சும். செடி எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கிழங்கும் வெளிச்சமும் முடிவு செய்கின்றன; கத்தரிக்கோலுக்கு அதில் பெரிய பங்கில்லை.

இதன் தாயகம் கென்யா முதல் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி வரை நீளும் கிழக்கு ஆப்பிரிக்க நிலம். அங்கே வறட்சி நீடித்தால் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டு, கிழங்கிலும் காம்பிலும் சேர்த்து வைத்த நீரைக் கொண்டு காலம் தள்ளி, மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும். 1829இல் தாவரவியலார் இதை முதலில் விவரித்தபோது கலாடியம் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்; அந்தப் பெயரோ மலாய்ச் சொல்லான 'கெலாடி'யிலிருந்து போனது. பிற்பாடு இதற்கு ஸாமியோகல்காஸ் என்று தனிப் பேரினமே அமைந்தாலும், சேம்பும் கருணைக்கிழங்கும் இன்றும் இதற்குப் பங்காளிகள்தாம். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கிழங்கை வெட்டும் கட்டத்தில் அது உதவும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் வசந்தத்தில் சாடி மாற்றுங்கள், குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள் என்று எழுதியிருக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில். பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். வெப்பமும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆகவே இங்கே செடிக்கு ஓய்வுப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை. எந்த மாதத்திலும் சாடி மாற்றலாம் என்பது இதில் உள்ள வசதி. கவனிக்காமல் விட்டால் எந்த மாதத்திலும் அழுகும் என்பது இதில் உள்ள தொல்லை.

அறிகுறி: காம்பு ஒல்லியாக நீண்டு, சிற்றிலைகள் விலகி விலகி நின்று, செடி ஒரு பக்கமாகச் சாய்கிறது

இது வளர்ச்சி போலத் தெரியும் பசி. வெளிச்சம் போதாத செடி, வெளிச்சத்தைத் தேடிக் காம்பை நீட்டுகிறது. புதிதாக வந்த இலையையும் கடையிலிருந்து வந்தபோதே இருந்த பழைய இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய இலையில் சிற்றிலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்று, புதிய இலையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காரணம் வெளிச்சம்தான். வேறு எதையும் தேட வேண்டாம்.

இருட்டிலும் வளரும் செடி என்று சொல்லி விற்கிறார்கள். இருட்டில் சாகாமல் இருக்கும் என்பதே சரி. பகல் 11 மணி அளவில் செடி நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும் நிழல் விழுந்தால் அந்த இடம் நல்ல இடம். மங்கலான ஒரு திட்டு மட்டும் விழுந்தால் செடி தாக்குப்பிடிக்கும், ஆனால் உருவம் கெடும். நிழலே விழாவிட்டால் அங்கே செடியின் படத்தை மாட்டிவிடலாம்.

சன்னலின் திசையை இந்த ஊர்க் கணக்கில் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்தும் மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. அதனால் வடக்குச் சன்னலில் ஜூன் மாதம் நன்றாக இருந்த செடி, டிசம்பரில் அதே இடத்தில் நீளத் தொடங்கலாம். தெற்குச் சன்னலில் இதற்கு நேர்மாறு. கிழக்குச் சன்னல் ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது. மேற்குச் சன்னலின் பிற்பகல் வெயில் சிற்றிலைகளை வெளுக்கவைத்துப் பழுப்புத் தழும்பு போட்டுவிடும். மெல்லிய திரைச்சீலை ஒன்று இடையில் இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்திலிருந்து செடியை ஒரேயடியாக பால்கனி வெயிலுக்கு மாற்றினாலும் இதே தழும்புதான் விழும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்.

நீண்டுவிட்ட இலைகள் இனிக் குட்டையாகா. இடத்தை மாற்றிய பிறகு, நேராக வரும் இரண்டு புதிய இலைகளுக்காகக் காத்திருந்து, பிறகு பழைய நெட்டை இலைகளை மண்மட்டத்தில் அடியோடு வெட்டுங்கள். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

அறிகுறி: பிளாஸ்டிக் சாடி பிதுங்குகிறது, அல்லது விரிசல் விட்டுவிட்டது

என் வீட்டில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தத்தோடு நடந்தது. சுங்கை பூலோ சாலையோர நாற்றங்கால் ஒன்றில் வாங்கி ஆறு ஆண்டுகளாக ஒரே சாடியில் விட்டிருந்த செடி. வட்டமாக இருந்த சாடி கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்கு வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். அன்று தண்ணீர் ஊற்றிச் சற்று நேரத்தில் பக்கவாட்டில் ஒரு கீறல் விட்டு, அதன் வழியே சாம்பல்பழுப்பு நிறக் கிழங்கு ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மரவள்ளி மாதிரியில்ல கெழங்கு வச்சிருக்கு, அவிச்சுத் திங்கலாமா ஐயா?" என்று கேட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த குடும்பத்துக் கேள்வி அது. இதைத் தின்னக் கூடாது. கருணைக்கிழங்கு நறுக்கிய கையில் அரிப்பு ஏறுவது எதனாலோ, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு. வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். குழந்தைகளும் பூனைகளும் கடிக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். தொட்டாலே புற்றுநோய் வரும் என்று வாட்சாப்பில் அவ்வப்போது சுற்றும் செய்திக்கு ஆதாரம் ஏதும் இல்லை.

சாடி பிதுங்குவது நோயன்று; கிழங்குக்கு இடம் போதவில்லை என்பதற்கான அறிவிப்பு. இப்போது முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்: செடி பெரிதாகலாம் என்றால் ஓர் அளவு பெரிய சாடி, இதற்கு மேல் பெரிதாக வேண்டாம் என்றால் கிழங்கைப் பிரிக்க வேண்டும். பெரிய சாடி வேண்டும் என்பவர்களும் இரண்டு விரற்கடை அகலம் கூடியதற்கு மேல் போக வேண்டாம். காரணம் அடுத்த அறிகுறியில் வரும்.

பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். காய்ந்த மண் எளிதில் உதிரும், நீர் குறைந்த காம்பு எளிதில் முறியாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிதுங்கிய சாடியிலிருந்து செடியை இழுத்தால் காம்புகள் கையோடு வந்துவிடும். சாடியைத் துணிந்து மேலிருந்து கீழாக வெட்டித் திறப்பதே மேல். பத்து வெள்ளிச் சாடிக்காக ஆறு ஆண்டுக் கிழங்கைச் சிதைக்க வேண்டாம்.

வெளியே எடுத்த வேர்க்கட்டியைத் தரையில் படுக்கவைத்து, மண்ணை விரலால் உதிர்த்துப் பாருங்கள். கிழங்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடங்களில் சில, லேசாகத் திருகினாலே பிரிந்துவிடும். பெரும்பாலான கடைச் செடிகளில் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று தனிச் செடிகளை ஒரே சாடியில் நட்டிருப்பார்கள். அவை கத்தியே இல்லாமல் பிரியும். ஒட்டிக்கொண்டிருப்பவற்றை ரொட்டி அறுக்கும் பல்கத்தியைச் சுத்தம் செய்து, ஒட்டு குறுகலாக இருக்கும் இடத்தில் அறுக்கலாம். உள்ளே வெள்ளையும் இளமஞ்சளுமாக, ஈரமாக, பச்சை உருளைக்கிழங்கின் வெட்டுமுகம் போலத் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலையாவது, சில வேர்களாவது, இயன்றால் வெளிர்பச்சைக் கூம்பாக முனைத்து நிற்கும் ஒரு குருத்தாவது இருக்கட்டும்.

அறுத்த உடனே நடக் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வெட்டுமுகம் ஆறச் சற்று நாளாகும். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் பழைய செய்தித்தாள் மேல் இரண்டு மூன்று நாள் கிடத்தி, வெட்டுமுகம் தொட்டால் உலர்ந்து தோல்போல இறுகியிருப்பதைப் பார்த்த பிறகு நடுங்கள். மழை விடாத வாரமாக இருந்தால் மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

நாற்றங்கால்களில் பை பையாக விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் போட்டு நடாதீர்கள்; அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மண் இரண்டு பங்கு, நீர் வடிய உதவும் இலேசான கல்துகளான பெர்லைட் அல்லது பியூமிஸ் ஒரு பங்கு, கரித்த நெல்லுமி ஒரு பங்கு என்று கலந்தால் போதும். கிழங்கின் தோள்பட்டை மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீரை ஊற்றுங்கள்.

அறிகுறி: சாடி மாற்றிப் பல மாதங்களாகியும் ஒரு குருத்துகூட வரவில்லை

சாடி பெரிதாகிவிட்டது என்பதே முதல் சந்தேகம். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நிறைய. அந்த மண் குடித்த தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். செடி வேர்விடத் தயங்கும். இனி வளர்வதற்கும் சேர்த்து இப்போதே பெரிய சாடி, என்று பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுப்பதுபோல வாங்குவது இங்கே எதிர்விளைவைத்தான் தரும். கிழங்கின் அகலத்துக்குச் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி உள்ள சாடிக்கு மாற்றிவிடுங்கள்.

சாடி சரியாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். இந்தச் செடி முதலில் கீழேதான் வேலை செய்யும். வேரும் கிழங்கும் இடத்தைப் பிடித்த பிறகே மேலே குருத்து வரும். மூன்று நான்கு மாதம் எதுவும் தெரியாமல் இருப்பது வழக்கம். சிற்றிலையைக் கிள்ளி மண்ணில் குத்தி வளர்ப்பவர்களுக்குப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும்: சில வாரங்களில் அடியில் கடலைப் பருமனில் கிழங்கு உருளத் தொடங்கினாலும், மேலே முதல் இலையைக் காண ஓராண்டுகூட ஆகலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று வாரந்தோறும் பிடுங்கிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஓராண்டு இரண்டாகும்.

அறிகுறி: இலைகள் மஞ்சளாகின்றன

ஓரத்தில் உள்ள, வயதான ஓர் இலை மட்டும் மெல்ல மஞ்சளாகி உலர்ந்தால் அது முதுமை, அடியோடு எடுத்துவிடலாம். ஒரே மாதத்தில் மூன்று நான்கு இலைகள் மஞ்சளாகி, காம்பின் அடியை விரலால் அழுத்தினால் வாழைப்பழம்போல மெத்தென்று அமுங்கினால் கிழங்கு அழுகுகிறது. இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கே இடமில்லை.

நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் வரவேற்பறைச் செடிகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. யாரும் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை, எல்லாரும் ஊற்றினார்கள். காலையில் துப்புரவு செய்யும் அக்கா ஒரு குவளை, நண்பகலில் காவலாளி ஒரு குவளை, மாலையில் யாரோ குடித்து மீந்த ஐஸ் தண்ணீர். வெளியே அழகான பீங்கான் சாடி, உள்ளே பிளாஸ்டிக் சாடி, இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் உயரத்துக்கு நாற்றமெடுத்த நீர். அந்த நீரில் கொசுப்புழுவும் நெளிந்தது. டிங்கி பரவும் ஊரில் இது செடியோடு நின்றுவிடும் பிரச்சினையன்று; கொசு பெருக இடம் கொடுத்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். வெளிச்சாடி வைப்பதாக இருந்தால் அடியில் கூழாங்கல் பரப்பி உள்சாடியை உயர்த்துங்கள். ஊற்றிய அரைமணி நேரத்தில் தேங்கியதைக் கவிழ்த்துவிடுங்கள்.

அழுகிய செடியை வெளியே எடுத்து, மண் முழுவதையும் அலசி, மிருதுவாகவும் பழுப்பாகவும் உள்ள கிழங்கை வெட்டி எறியுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி இல்லாத வெள்ளை தெரியும்வரை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மேலே சொன்னபடி உலரவைத்துப் புதிய கலவையில், முன்பைவிடச் சிறிய சாடியில் நடுங்கள். கிழங்கு முழுவதும் போய்விட்டாலும் உறுதியான சிற்றிலைகள் மிஞ்சியிருந்தால் அவற்றை நட்டு மறுபடி தொடங்கலாம்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு நாள்கணக்கு வைக்க வேண்டாம். ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) சாடியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரக்கறை ஏறியிருந்தால் பொறுங்கள். வெறுமையாக, உலர்ந்து வந்தால் வடிகாலில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். என் வீட்டுக்குள் இது இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. சாரல் விழும் பால்கனியில் மழை மாதங்களில் நானாக ஊற்றுவதே இல்லை.

அறிகுறி: காம்பில் நீளவாக்கில் சுருக்கம், சிற்றிலைகள் உதிர்கின்றன

சாத்தே குச்சி உலர்ந்து வந்தால் தாகம். சாடியை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுங்கள், சில நாளில் நிமிர்ந்துவிடும். குச்சி ஈரமாக வந்தும் காம்பு சுருங்கியிருந்தால் வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியவில்லை என்று பொருள்; மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: வெளிச்சம் போதும், காம்பும் தடிமன்தான்; ஆனாலும் பூவாணம்போல நாலாபுறமும் விரிந்து படுக்கிறது

இது பெரும்பாலும் நன்றாக வளர்ந்த செடியின் எடைப் பிரச்சினை. காம்பு முழுவதும் தண்ணீர். இரண்டடிக்கு மேல் நீண்ட இலை தன் பாரத்தைத் தானே தாங்காது. கிழங்கை மிக மேலாக நட்டிருந்தால் காம்பின் அடிக்குப் பிடிமானம் இருக்காது. இரண்டு சென்டிமீட்டர் மண் ஏற்றிப் பாருங்கள். ஒரே பக்கம் வெளிச்சம் வரும் அறையில், தண்ணீர் ஊற்றும் போதெல்லாம் சாடியைக் கால்வட்டம் திருப்பிவையுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மிகுந்தாலும் காம்பு பருமனின்றி நீளும். பொது உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலே இதற்கு அதிகம்.

உடனடியாக வழி விட வேண்டும் என்றால், மிகவும் வெளியே சாய்ந்த இரண்டு மூன்று இலைகளை அடியோடு எடுத்துவிடுங்கள். மற்றவற்றைச் சுற்றி, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூங்கில் குச்சிகளும் மென்மையான துணிநாடாவும் கொண்டு தளர்வாக வளையம் கட்டலாம். இறுக்கிக் கட்டினால் காம்பு அந்த இடத்தில் மடங்கிவிடும்; மடங்கிய காம்பு நிமிராது.

அறிகுறி என்று ஒன்றும் இல்லை. செடி இதே அளவில் நின்றால் போதும்

அப்படியானால் சாடியை மாற்றாதீர்கள். இறுக்கமான சாடி இந்தச் செடிக்குத் துன்பமன்று. உரத்தை நிறுத்திவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கிழங்கில் ஒரு பகுதியைப் பிரித்து யாருக்காவது கொடுத்துவிட்டு, மீதியை அதே சாடியில் புதிய மண்ணோடு திருப்பி வையுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வளர்ச்சியை அடக்கலாம் என்று குளியலறை மூலைக்குத் தள்ளுபவர்களும் உண்டு. அது செடியை அடக்காது, நெட்டையாக்கும். புதுக் குருத்தைக் கிள்ளிவிடுவதும் பயனற்றது. கிள்ளிய குருத்து மொட்டையாக நிற்க, கிழங்கு பக்கத்தில் இன்னொன்றைத் தள்ளும். சிறிய மேசைக்கு இடம் தேடுகிறவர்கள், சிற்றிலைகள் நெருக்கமாகச் சுருண்டு நிற்கும் குள்ள வகையைத் தொடக்கத்திலேயே வாங்குவது நல்லது. கறுப்பு இலை வகையும் மெல்ல வளரக்கூடியதுதான். அதன் குருத்து பச்சையாக வந்தே பிறகு கறுக்கும் என்பதால், பச்சையைக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அறிகுறி: மண்மட்டத்தில் வெளிர்நிற முனை ஒன்று, குருத்துபோல இல்லை

வளைந்த குட்டைக் காம்பில், இளம்பச்சை மடலுக்குள் மக்காச்சோளக் குருத்தைப்போல ஒன்று எட்டிப் பார்த்தால் அது பூ. வயதான, நல்ல நிலையில் உள்ள செடியில் மட்டுமே வரும். இலைகளுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. அதைக் காளான் என்று எண்ணிப் பிடுங்க வேண்டாம்; சில வாரங்களில் தானே வாடிவிடும்.